அரைப்படி அரிசிக்கு அறுகிற நூல்

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், முதலில் நாக்கு நுனிக்கு வருவது திட்டாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் வயிற்றெரிச்சல் முழுசாக அடங்கவில்லை என்று அர்த்தம். அடங்காமலேயே எழுதுகிறேன். அவள் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அதை எழுதுகிற தகுதி எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கோபம் போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் சரிதான். இரண்டும் உண்மை.

எழுபதுகளில் மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குக் கீழே, ரோட்டோரமாக, பிள்ளைகளை விட்டுப் போகிற கிரஷ் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரே நீள அறை, அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போகும்போது பிள்ளையை அங்கே விடுவோம். பத்து மணிக்கு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அப்புறம் சாயந்திரம் கொழுந்து எடை போட்ட பிறகுதான் பிள்ளை கைக்கு வரும். அந்த அறைக்கு அவள்தான் ஆயா. ஆயா என்றதும் நரைத்த தலையை நினைக்க வேண்டாம். என்னைவிட இரண்டு வயது சின்னவள், கல்யாணம் ஆகாதவள். எட்டாவது வரை படித்தவள் என்பதால் கொழுந்துக்கூடையை இறக்கிவைக்கச் சொல்லி அவளை அங்கே போட்டார்கள். நான் ஐந்தாவது. அதிலேயே எனக்கு முதல் எரிச்சல்.

ஆள் ஒன்றும் பார்க்க அழகில்லை. ஒட்டின கன்னம், எந்நேரமும் எதையோ அளக்கிற மாதிரி ஒரு பார்வை. இடுப்பில் சேலையோடு சொருகின ஒரு சின்னக் கத்தரிக்கோல். பிள்ளைகள் நடுவில் இருக்கிறோம் என்று அதன் கூர்முனை இரண்டையும் கல்லில் தேய்த்து மழுக்கி வைத்திருந்தாள். லயத்தில் அவளுக்குக் கத்தரிக்காரி என்று பெயர். வைத்தது நான்தான்.

காரணம் குல்லா. எங்கள் ஊர்க் குளிருக்குப் பிள்ளைகள் தலையில் கம்பளிக் குல்லா இல்லாமல் ஆகாது. கம்பளிநூல் பின்னுவதில் எஸ்டேட்டில் எங்கள் டிவிஷனிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. சும்மா சொல்லவில்லை, மற்ற டிவிஷன்காரிகள் கூட நூலை வாங்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட இரண்டு நாடா விட்டு, நாடா நுனியில் செவ்வந்திப்பூ அளவுக்கு ஒரு கம்பளி உருண்டை வைத்துப் பின்னுவேன். என் மகளுக்கு மஞ்சளும் பச்சையுமாக ஒன்று போட்டேன். போட்டு அனுப்பின முதல் நாளே சாயந்திரம் குல்லா மொட்டையாகத் திரும்பி வந்தது. நாடா இரண்டும், உருண்டையோடு, ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து என் கையில் கொடுக்கப்பட்டன.

"ஏட்டி, எதுக்குடி அறுத்த?" என்றேன்.

"கட்டு வேண்டாம்க்கா. காதுக்கிட்ட நாலு வரிசை இறுக்கிப் பின்னுங்க, குல்லா தானா நிக்கும்."

"நாடா இல்லாதது குல்லாயாடி? அழகே அதுலதான இருக்கு."

"அழகுதான்க்கா. நான் இல்லன்னு சொல்லல. எதுலயாச்சும் போய் மாட்டிக்கிட்டா அவுக்க அதுக்குத் தெரியாதுல்லா."

"அதுக்குத்தான உன்னய வச்சிருக்கு? நீ கண்ண முழிச்சிப் பாத்துக்கிட வேண்டியதுதான?"

"என் கண்ணு அசந்துரும்க்கா. சாமான் அசராது."

இதுதான் அவள் மந்திரம். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள். மற்ற ஆயாக்கள் தாய்களைப் பார்த்து, பிள்ளையைக் கவனமாகப் பார், ஜாக்கிரதையாக இரு என்று புத்தி சொல்லுவார்கள். இவள் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. கவனம் என்பதையே அவள் நம்பவில்லை. தன் கவனத்தையும் சேர்த்துத்தான். பொருளை மாற்றிவிடுவாள். கழுத்தில் கட்டுகிற ரிப்பன் வைத்த சட்டை போனால், முதுகில் பட்டன் வைத்த சட்டை திரும்பி வரும். அந்தப் பட்டனும் இழுத்தால் வராதபடி அவளே எட்டு சுற்று தைத்திருப்பாள்.

வாசலில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். ஒரு சாண் நீளம், அகலம் ஒரு சின்னப் பிள்ளை வாயைப் பிளந்தால் எவ்வளவோ அவ்வளவு. எந்த விளையாட்டுச் சாமான் வந்தாலும் முதலில் அதற்குள் போடுவாள். உள்ளே விழுந்தால் அது வெளியே. சோழி, புளியங்கொட்டை, மரப் பொம்மையின் கழன்ற கை, கிலுகிலுப்பைக்குள் இருக்கிற மணி, எல்லாம் அந்தக் குழாயில் தோற்றுப்போய் வீடு திரும்பின. என் கம்பளி உருண்டையும் தோற்றது. அதை அவள் என் முன்னாலேயே போட்டுக் காட்டினாள். அந்த அவமானத்தை நான் மறக்கவில்லை.

"குழாய்க்குள்ள போனா தொண்டைக்குள்ள போவும்க்கா," என்று மட்டும் சொன்னாள்.

ஒரு ஓணத்துக்குக் கண்டக்டர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுவந்தார். கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் இல்லை. எஸ்டேட்டில் எங்கள் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகஸ்தருக்கு அதுதான் பெயர். மலையாளத்தார், மூக்குக்கு மேல் கோபம். அவர் கொண்டுவந்தது உருண்டைக் கமர்கட்டு. இவள் வணக்கம் சொல்லி வாங்கினாள். ஒன்றை எடுத்துக் குழாயில் போட்டாள். டொக்கென்று விழுந்தது. உடனே அம்மிக்கல்லை இழுத்துப் போட்டு, அவர் நிற்கிறபோதே, அத்தனையையும் நொறுக்கித் தூளாக்கி ஆளுக்கொரு கரண்டி கொடுத்தாள். "மிட்டாயி பொடியாக்கித் தின்னுன்னது இப்பத்தான் காணுன்னேன்," என்று அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவளுக்கு அது சிரிப்பு என்றே தெரியவில்லை.

தொட்டிலையும் விடவில்லை. உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் தொட்டில். நம் ஜனங்களுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? அவள் சேலையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து நிற்க மேலே வழவழப்பாகச் சீவின ஒரு குறுக்குக் கட்டை கொடுத்தாள். தொட்டிலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினாள். பிள்ளையை எடுத்ததும் சேலையைக் கழற்றி மடித்து வைத்துவிடுவாள். காலித் தொட்டில் ஒரு நிமிஷம் தொங்காது. ஓடியாடுகிற பிள்ளைகள் காலித் தொட்டிலில் தலையை விட்டுச் சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடும், அதனால்தான் என்றாள்.

இவ்வளவு பயம் ஒருத்திக்கு இருந்தால் பின்னால் ஒரு சாவு இருக்கணும் என்று நாங்கள் முடிவு கட்டினோம். தம்பியோ தங்கச்சியோ அவள் இடுப்பில் இருக்கும்போது போயிருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். அதற்குக் கைகால் வைத்து, அவள் அஜாக்கிரதையால்தான் போனது என்று லயம் முழுக்கப் பரப்பினது நான். மனசாரச் சொல்கிறேன், அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இருந்தால் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டலாம். பொறாமைப்பட வேண்டியதில்லை.

ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "உங்க வீட்டுல ஏதாச்சும் புள்ள தவறிப்போச்சாட்டி?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்லக்கா. நாங்க ஏழு பேரு, ஏழும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்கு இந்தப் பாடு?"

"ஒண்ணு செத்த பெறகுதான் புத்தி வரணுமாக்கா? பாத்தாத் தெரியுதுல்லா."

எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் எரிச்சல்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என் மகள் விஷயம்தான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. அப்போது அவளுக்கு இரண்டரை வயது. காலையில் கிரஷ் வாசல் தெரிந்ததும் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடுவாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சாயந்திரம் நான் கொழுந்து வாசமும் வேர்வையுமாக ஓடிப்போய்க் கையை நீட்டினால் ஆயாவின் சேலைக்குப் பின்னால் ஒளிவாள். தூக்கிக்கொண்டு ஏறினால் லயம் வருகிற வரைக்கும் அழுகை. பத்து மாதம் சுமந்தவள் நான், எட்டு மணி நேரம் வைத்திருந்தவளுக்காக அந்த அழுகை. என் வீட்டுக்காரர் வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார். "அந்தப் புள்ள கெட்டிக்காரிடி, அவகிட்ட விட்டா கவலையில்ல," என்பார். அன்றைக்கெல்லாம் குழம்பில் உப்பு கூடும்.

மிட்டாய் கொடுத்து மயக்குகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. கொஞ்சுகிறாளா என்றால் அதுவும் இல்லை, அவளுக்குக் கொஞ்சவே வராது. பாட்டுக்கூடத் தெரியாது. ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் லீவு போட்டுவிட்டு, கிரஷ் ஜன்னலுக்கு வெளியே நின்று திருட்டுத்தனமாக அரை மணி நேரம் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. அந்த அறையில் "வேண்டாம்" என்ற சொல்லே இல்லை. எடுக்காதே, ஏறாதே, வாயில் வைக்காதே என்று அவள் ஒரு தரம் கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சாமான் எதுவும் உள்ளே இல்லை. பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்கு இழுத்தன, உருட்டின, கடித்தன. அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் என் மகளோடு இருக்கிற கொஞ்ச நேரத்தில் பாதி நேரம் "ஏய், தொடாத" என்று கத்திக்கொண்டிருப்பேன். பிள்ளை எங்கே ஒட்டும்? விளங்கின பிறகு எரிச்சல் தணிய வேண்டும் அல்லவா? இரண்டு மடங்கு ஆனது.

அந்த மழைக்காலத்தில் மகளுக்கு விடாத காய்ச்சல். போடிப் பக்கத்திலிருந்து மந்திரித்த தாயத்து ஒன்று வரவழைத்துக் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் கட்டினேன். காய்ச்சல் நின்றது. இரண்டாம் நாள் பார்க்கிறேன், தாயத்து இருக்கிறது, கயிறு மாறியிருக்கிறது. மாவுச்சாக்குத் தைக்கிற நூல் போல ஒற்றை இழை, கறுப்புச் சாயம் ஏற்றியது.

கேட்டபோது அவள் ஒளிக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். ஆணியில் ஒரு நூல், அதில் ஒரு சின்னப் பை. பைக்குள் அரைப்படி அரிசி. பையைத் தொங்கவிட்டதும் நூல் பட்டென்று அறுந்தது.

"இந்த அளவுக்கு அறுந்துரணும்க்கா. அறாத நூல நான் கட்ட விடுறதில்ல. எல்லாப் புள்ளைக்கும் இதுதான்."

"தாயத்து நூலு அறுந்தா ஆகாதுன்னு தெரியாதாடி உனக்கு? அறுகுறதுக்குன்னே எவளாச்சும் கட்டுவாளா?"

"நூலு அறுந்தா வேற நூலு கட்டிக்கிடலாம்க்கா."

எங்கள் ஜனத்திடம் இந்தப் பேச்சு எடுபடுமா? கழுத்தில் கட்டினது எதுவும் அறக் கூடாது. தாலியாகட்டும் தாயத்தாகட்டும், அறுந்தால் அபசகுனம். உறுதியாகக் கட்டுவதுதான் காப்பு என்று எங்கள் அம்மாக்கள் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்து முற்றத்தில் மகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது வேலிக் கம்பில் சிக்கி நூல் அறுந்தது. தாயத்து சேற்றில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி மார்பில் கை வைத்து, "ஐயோ, பச்சப்புள்ள தாயத்து அறுந்துருச்சே," என்றாள். நான் தாயத்தைச் சேற்றோடு எடுத்து முந்தானையில் முடிந்தேன். வேலிக் கம்பில் சிக்கின பிள்ளை, நூல் அறுந்ததால்தான் சும்மா சிரித்துக்கொண்டு ஓடியது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் அணையில் மீன் பிடிக்க வைத்திருந்த தூண்டில் நரம்பிலிருந்து ஒரு முழம் வெட்டினேன். கண்ணாடி போல மெல்லிசு, ஆனால் மூன்று கிலோ மீனுக்கு அசராது. தாயத்தைக் கோர்த்து, மகள் கழுத்தில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, முடிச்சு நழுவாமல் இருக்கத் தீக்குச்சியால் நுனியைச் சுட்டு உருக்கினேன். இப்போது அறுடி பார்க்கலாம் என்று வாய்விட்டே சொன்னேன். மகளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத்தான்.

மறுநாள் காலை நல்ல மழை. வாசலில் பிள்ளைகளோடு பத்துப் பன்னிரண்டு தாய்கள், எல்லாருக்கும் அவசரம். ஒவ்வொரு பிள்ளையையும் வாங்கும்போது அதன் கழுத்தைச் சுற்றி ஆள்காட்டி விரலை ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். என் முறை வந்தது. மகளின் சுவெட்டர் கழுத்தை இழுத்து மூடி, நான் முந்திக்கொண்டேன். "தாயத்த வீட்டுலயே கழட்டி வச்சிட்டேன்ட்டி. ஒங்கூட மல்லுக்கட்ட என்னால முடியல."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஒட்டின முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன். "சரிக்கா," என்றாள். விரலை ஓட்டவில்லை. அடுத்த பிள்ளையை வாங்கினாள். நான் கூடையை மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடாத குறையாக மலை ஏறினேன்.

பத்து மணிக்கு வந்தேன். மழை விட்டிருந்தது. கிரஷ் வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஓர் அரைக்கதவு. இரும்புக் கொக்கி ஆபத்து என்று அவள் அதை எடுத்துவிட்டு, திருப்பிப் போடுகிற மரக்கட்டை ஒன்றைத் தாழ்ப்பாளாக வைத்திருந்தாள். உள்ளே அவள் ஒரு கைக்குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் அவள் தோளில் சாய்ந்து நின்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் எழுந்து வந்து கதவைத் திறக்கிற வரை காத்திருக்க மனசில்லை. அவளை விட்டுவிட்டு மகள் என்னிடம் ஓடி வர வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும். வழியில் பறித்த கொய்யாப்பழத்தை உயர்த்திக் காட்டி, "ஓடியா, ஓடியா, அம்மாட்ட ஓடியா," என்று கூப்பிட்டேன்.

வந்தாள். அன்றைக்கென்று வந்தாள். கதவுச் சட்டத்தில் கால் வைத்து ஏறி, இந்தப் பக்கம் வயிற்றைச் சரித்து இறங்கினாள். கால் தரையைத் தொடவில்லை. சுவெட்டர் கழுத்திலிருந்து வெளியே நழுவின நரம்பு அந்த மரக்கட்டையில் மாட்டிக்கொண்டது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளையைத் தூக்கினேன். நரம்பு கட்டையில் இறுகிப் போய்க் கழன்று வரவில்லை. விரலை உள்ளே விட்டு இழுத்தேன், பல்லால் கடித்தேன். என் விரல்தான் அறுந்து ரத்தம் வந்தது. நான் போட்ட முடிச்சு, நான் உருக்கின நுனி. மகள் முகத்தைப் பார்த்தேன். கத்த எனக்கும் குரல் வரவில்லை. அதற்குள் அவள் கைக்குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு வந்து, மழுங்கின கத்தரிக்கோலைப் பிள்ளையின் கழுத்துக்கும் நரம்புக்கும் நடுவில் படுக்கையாகச் செலுத்தி, ஒரே வெட்டு.

மகள் இருமினாள். அப்புறம் அழுதாள். அந்த அழுகையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

பிள்ளை பிழைத்தது. கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். டிஸ்பென்சரியில் மருந்து தடவி அனுப்பிவிட்டார்கள். ஆனால் விஷயம் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் அன்வேஷணம், அதாவது விசாரணை, என்று கண்டக்டர் எங்களைக் கூப்பிட்டார். கிரஷ்ஷில் பிள்ளை விடுகிற தாய்களெல்லாம் என் பின்னால் வந்து நின்றார்கள்.

"குழந்தைக்கு ஏதும் ஆயிருந்தா யாரு பதில் சொல்லும்? கழுத்து நோக்கணும்னு நீயே அல்லே சட்டம் வச்சது? ஏன் நோக்கல?" என்று அவளைக் கேட்டார்.

"தாயத்த கழட்டியாச்சுன்னு அக்கா சொன்னாக. நான் நம்பிட்டேன் சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ அப்படிச் சொன்னியா?"

அவளும் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. நான் ஆமாம் என்று சொல்லுவேன் என்று சும்மா நின்றாள். எனக்கு இரண்டே நினைப்பு. ஆமாம் என்றால் பெத்த பிள்ளை கழுத்தில் நானே சுருக்குப் போட்டவள் என்று ஆகும். இல்லை என்றால் நாளைக்கு என் மகள் ஓடிப் போக அந்த வாசலில் இவள் இருக்க மாட்டாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல சார்," என்றேன்.

பின்னாலிருந்த தாய்களுக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? ஒருத்தி பாசிமணியை அறுத்தாள் என்றாள், ஒருத்தி ரிப்பனை வெட்டினாள் என்றாள், கடலையைக்கூட முழுசாகத் தின்ன விடுவதில்லை என்று இன்னொருத்தி. கண்டக்டருக்குக் கமர்கட்டு ஞாபகம் வந்திருக்கும். மறுநாளே அவள் தோளில் மறுபடியும் கொழுந்துக்கூடை ஏறியது. கிரஷ்ஷுக்குப் புது ஆயா வந்தாள். மூங்கில் குழாய் அடுப்பு ஊதப் போனது. சேலைத் தொட்டில்கள் பழையபடி நாள் முழுக்கக் காலியாகத் தொங்கின. பிள்ளைகள் கழுத்தில் அவரவர் கயிறு திரும்ப ஏறியது. என் மகள் கழுத்தில் மட்டும் நான் எதுவும் கட்டவில்லை. தாயத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஏன் என்று மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எட்டாம் நாள் எனக்குப் பக்கத்து வரிசையில் அவளை விட்டார்கள். நனையாமல் இருக்க இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் கொழுந்து எடுத்தோம். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், பாரம் இறங்கியிருக்கும்.

"பாப்பாவுக்குக் கோடு மறைஞ்சிருச்சாக்கா?" என்று கேட்டாள்.

"மறைஞ்சிருச்சு," என்றேன். அப்புறம், "நான் அன்னைக்கு ஆபீசுல பொய் சொன்னேன்ட்டி," என்றேன்.

"தெரியும்லக்கா. நீங்க சொன்னத என் காதால கேட்டேனே." கை நிற்காமல் இரண்டு பிடி கொழுந்தைப் பின்னால் கூடைக்குள் எறிந்தாள். "நானும் அதையேதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். என் தப்பு ரெண்டு. அந்தக் கட்டைய நீட்டிக்கிட்டு நிக்க விட்டேன், கதவோட சமமா இறக்கி வச்சிருக்கணும். ரெண்டாவது, உங்க வார்த்தைய நம்பி இருந்துட்டேன். பெத்தவ பொய்யே சொன்னாலும் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாத மாதிரில்லா நான் வச்சிருக்கணும்?"

அவள் குத்திக்காட்டவில்லை. சத்தியமாக இல்லை. புளியங்கொட்டையையும் கம்பளி உருண்டையையும் பற்றிப் பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள். என் பொறாமையும் அவளுக்கு அந்த வரிசையில் இன்னொரு சாமான், அவ்வளவுதான். அதை முன்கூட்டியே அளந்து பார்க்காமல் விட்டோமே என்பதுதான் அவள் கவலை. நான் செடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று சாயந்திரமே ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கண்டக்டர் என்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்தார். "இனி பறஞ்சு என்ன காரியம்? புது ஆளுக்கு ஆர்டர் போட்டாச்சு," என்றார். அந்த மாசக் கடைசியில் அவள் மாமா இருந்த வேறொரு எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தாள். நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது காதில் விழுந்தது. போகவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மூணாறு கடைத்தெருவில் ஜீப்புக்காக மகளோடு நின்றேன். பக்கத்தில் அவள் போன எஸ்டேட்டுக்காரி ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை. குழந்தையின் தலையில் நாடா இல்லாத குல்லா, காதுக்கு மேல் நாலு வரிசை இறுக்கிப் பின்னினது. யார் பின்னினது என்று கேட்டேன்.

"எங்க ஆயா சொல்லிக்குடுத்தா. எங்க கிரஷ் ஆயா மாதிரி இந்த மலையில எங்கயும் கெடையாது, தெரியுமா? துரையே வந்து பாத்துட்டுப் போனாரு," என்று அவள் பெருமையோடு சொன்னாள்.

எங்க ஆயா. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை நாள் அவள் மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை, இவள் மேல் வந்தது அப்படி. அவ எங்க ஆயாடி, எம்புள்ளைக்கு உசுரு குடுத்தவ என்று அந்தக் கடைத்தெருவில் கத்த வேண்டும் போல இருந்தது. எந்த வாயால் கத்துவது?

குனிந்து மகளிடம் சொன்னேன். "பாத்தியா, நம்ம ஆயா அங்கதான் இருக்காளாம்."

மகள் அந்தக் குழந்தையின் குல்லாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எந்த ஆயாம்மா?" என்று கேட்டாள்.

ஆபீசில் அந்தப் பொய்யைச் சொல்லி நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான்.